‘ரோட்டில் நிறுத்திக்கலாம்’ என்று விற்பவர் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: வணக்கம். நான் தேவகோட்டையில் பள்ளி ஆசிரியை. காரைக்குடியை ஒட்டிப் புதிதாகப் போட்டிருக்கும் ஒரு நகரில், 30-க்கு 40 மனையில் கட்டிக்கொண்டிருக்கும் தனி வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறோம். தெரு 23 அடி, போர்டிகோ 9-க்கு 14 என்கிறார்கள். எங்களிடம் ஒரு டிசையர், இரண்டு ஸ்கூட்டர். சென்னையில் இருக்கும் மகன் எர்டிகாவில் வருவான். பொங்கல், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப விழா) என்றால் பங்காளிகள் கார் நாலைந்து சேர்ந்துவிடும். “ரோட்டில் நிறுத்திக்கலாம், பார்க் ஓரமாகவும் நிறைய இடம் கிடக்கிறது” என்கிறார் கட்டி விற்பவர். அவரே கட்டும் ஃப்ளாட்டில் பார்க்கிங்குக்குத் தனி விலை கேட்கிறார். என் கணவருக்கு வீடு பிடித்துவிட்டது. எனக்கு வண்டி நிறுத்துவதுதான் உறுத்துகிறது. அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: வணக்கம் அம்மா. உங்களுக்கு உறுத்துவது சரியான இடத்தில்தான் உறுத்துகிறது. கேட்டுக்கு உள்ளே எது நிற்கிறதோ அதுதான் உங்கள் பார்க்கிங். கேட்டுக்கு வெளியே ஓர் அடிகூட உங்களுக்குப் பாத்தியம் கிடையாது, விற்பவருக்கும் கிடையாது. ஆகவே அவர் தெருவைக் காட்டும்போது நீங்கள் போர்டிகோவைப் பாருங்கள். வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்பது உங்களுக்குச் சாதகம். தெருவின் அகலத்தை இனி யாராலும் மாற்ற முடியாது. ஆனால் கேட், படி, சாய்தளம், தண்ணீர்த் தொட்டி மூடி எல்லாவற்றையும் இப்போதே சொன்னால் மாற்றிவிடலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 9-க்கு 14 என்பது எதன் அளவு? மேலே கான்கிரீட் போட்ட பகுதியை மட்டும் போர்டிகோ அளவாகச் சொல்வது வழக்கம். அதற்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே முன்புறம் ஐந்தடி திறந்தவெளி விட்டிருந்தால், வீட்டுச் சுவரிலிருந்து கேட் வரை 19 அடி கிடைக்கும். 14 அடியிலேயே கேட் வந்துவிட்டால் கதை வேறு.

டிசையரின் நீளம் 3,995 மில்லிமீட்டர், அதாவது 13 அடி 1 அங்குலம். மொத்தமே 14 அடி என்றால் கார் நின்ற பிறகு மிச்சம் 11 அங்குலம். உள்பக்கம் திறக்கும் கேட்டை அசைக்கவே முடியாது. எர்டிகா ஏறக்குறைய 4,400 மில்லிமீட்டர், 14 அடி 5 அங்குலம். அது உள்ளே நுழையவே நுழையாது. இதுவே 19 அடியாக இருந்தால், சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளி டிசையரை நிறுத்தினாலும் கேட் பக்கம் 5 அடிக்கு மேல் மிஞ்சும். 9 அடி கேட்டை இரண்டு கதவாகப் போட்டால் ஒவ்வொன்றும் நாலரை அடி, உள்ளே திறக்க இடம் போதும். எர்டிகா நிற்கும் நாளில் 3 அடி 10 அங்குலம்தான் மிஞ்சும், கதவு வண்டியில் இடிக்கும். அதனால் எந்த வகையில் பார்த்தாலும் ஸ்லைடிங் கேட் கேளுங்கள். கேட் எவ்வளவு அகலமோ அவ்வளவு நீளச் சுவர் பக்கத்தில் வெறுமையாக இருக்க வேண்டும். 30 அடி முகப்பில் 10 அடி கேட்டுக்கு அது தாராளமாகக் கிடைக்கும். அந்தச் சுவரில் ஈ.பி. மீட்டர் பெட்டியோ ஆள் நுழையும் சின்ன கேட்டோ வந்துவிடாமல் இப்போதே இடம் குறிக்கச் சொல்லுங்கள். கேட்டைத் தெருப்பக்கம் திறக்கும்படி வைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அது ஒவ்வொரு முறையும் பொதுத்தெருவை மறிக்கும்.

அடுத்து அகலம். டிசையரும் எர்டிகாவும் ஏறக்குறைய 5 அடி 8 அங்குலம், இது கண்ணாடிகளை மடக்கிய அளவு. 9 அடியில் 3 அடி 4 அங்குலம் மிஞ்சும். சுவர்ப்பக்கம் 8 அங்குலம் விட்டால் மறுபக்கம் 2 அடி 8 அங்குலம். முழங்கால் வலி இல்லாதவர்கள் இறங்க இது போதும். வயதானவர்களுக்குக் கதவை அகலத் திறக்க 3 அடி வேண்டும். ஆகவே 10 அடி உள்ளளவு இருந்தால் நிம்மதி. ஆனால் இந்த 9 அடியை எங்கிருந்து எங்கு அளந்தார்கள்? நம் பக்கத்தில் போர்டிகோவை ஒட்டித் திண்ணை மாதிரி ஒரு சிட்-அவுட் வைத்து, அதிலிருந்து இரண்டு மூன்று படிகளைக் கார் நிற்கும் பக்கமே இறக்கிவிடுகிறார்கள். ஒரு படிக்கு 10 முதல் 12 அங்குலம் போகும். இரண்டு படி இறங்கினாலே ஏறக்குறைய இரண்டடி போய்விட்டது. அப்புறம் காரின் கதவு படியில் முட்டும். டேப்பைச் சுவரிலிருந்து படியின் விளிம்பு வரை பிடித்து அளந்து பாருங்கள். படியை வாசல் நேராகத் திருப்பிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது. தூணும் அப்படித்தான், முன்கதவு திறக்கும் இடத்துக்கு நேரே ஒன்பது அங்குலத் தூண் நின்றால் தினமும் சிரமம். நேராக உள்ளே ஓட்டி நிறுத்துகிறவர்கள் என்றால் சுவர் இடப்பக்கம் இருப்பது வசதி, ஓட்டுகிறவர் வலப்பக்கம் இறங்குவார். ரிவர்ஸில் ஏற்றுகிறவர்களுக்கு இது தலைகீழ்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்துத் தருகிறேன் என்றால், அதை சிட்-அவுட்டோடும் கூடத்தோடும் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அது கையால் வார்த்த சிமெண்டுக் கல், எண்ணெயை உறிஞ்சும். இன்ஜினிலிருந்து சொட்டிய கறை எத்தனை துடைத்தாலும் போகாது, டயர் திரும்பித் திரும்பி மேல்பூச்சின் நிறமும் தேயும். அத்தனை அழகான வேலைப்பாட்டைக் காருக்குக் கீழே போடுவது எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டி நிற்கும் இடத்துக்குச் சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸோ கோடு போட்ட சிமெண்டுத் தளமோதான் சரி.

சாய்தளத்தை வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பின்னால் அதிகம் சண்டை வருவதும் அதில்தான். வீட்டின் தளமட்டம் தெருவைவிட இரண்டு இரண்டரை அடி உயரம் இருப்பது நல்லது. ஆனால் போர்டிகோத் தரையையும் அதோடு சேர்த்து ஒன்றரை அடிக்கு உயர்த்திவிட்டால், கார் அடி தட்டாமல் ஏற எட்டுக்கு ஒன்று என்ற சாய்வு வேண்டும், அதாவது 12 அடி நீளம். முன்னால் இருப்பது ஐந்தடிதான். மீதி ஏழடியைத் தெருவில் இறக்குவார்கள். நாளைக்கு வாய்க்கால் கட்ட வரும்போது முதலில் இடிபடுவது அந்தச் சாய்தளம்தான், இழப்பீடும் கேட்க முடியாது. அதற்குள் எதிர்வீட்டுக்காரர் கார் திருப்ப முடியாமல் உங்களோடு மனஸ்தாபம் ஆகியிருப்பார். போர்டிகோத் தரை, தெருவின் இறுதி மட்டத்துக்கு மேலே ஆறு அங்குலம் இருந்தால் போதும். நாலைந்து அடியில் ஏறிவிடலாம், சாய்தளம் முழுக்க கேட்டுக்கு உள்ளேயே அடங்கும். அங்கிருந்து வீட்டுக்குள் போகப் படி இருக்கட்டும். ‘இறுதி மட்டம்’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புது நகர்களில் விற்கும்போது தெரு ஜல்லி போட்ட நிலையில்தான் இருக்கும். தார் போட்டால் இன்னும் சில அங்குலம் ஏறும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் காருக்குக் கீழே வந்து நிற்கும்.

தண்ணீர்த் தொட்டி எங்கே தோண்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த மனை அளவில் பெரும்பாலும் போர்டிகோவுக்கு அடியில்தான் இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் ஆள் நடப்பதற்கென்று போட்ட மூன்று அங்குல ஸ்லாப் மேல் கார் ஏற்றக் கூடாது. எர்டிகா ஆட்களோடு ஒன்றரை டன்னைத் தாண்டும். தொட்டியின் மேல்தளம் ஐந்தாறு அங்குலக் கனத்தில், இரண்டு திசையிலும் கம்பி கட்டி, தொட்டியின் அகலத்துக்குத் தக்கபடி இன்ஜினீயர் கணக்குப் போட்டு வார்த்திருக்க வேண்டும். வார்ப்புக்கு முன் கம்பி கட்டிய நிலையில் ஒரு போட்டோ கேட்டு வாங்குங்கள், வார்த்துவிட்டால் பார்க்க முடியாது. இரும்பு மூடியிலும் ரகம் உண்டு. 2.5 டன் எல்.டி. மூடி ஆள் நடக்கும் இடத்துக்கு. கார் நிற்கும் இடத்துக்கு 10 டன் எம்.டி. ரகம். அதையும் டயர் ஓடும் தடத்தில் வைக்காமல் ஓரமாக வைத்தால், காரை நகர்த்தாமலே தொட்டியைத் திறந்து பார்க்கலாம். மழைநீர் சேகரிப்புக் குழி மூடிக்கும் இதே விதிதான். செப்டிக் டேங்க் மட்டும் காருக்கு அடியில் வேண்டாம்.

ஸ்கூட்டர்களுக்குப் பெரிய கவலை இல்லை. கட்டட விதிப்படி ஒரு இருசக்கர வாகனத்துக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர் என்று கணக்கு. வெளிப்படிக்கட்டின் அடியில் இரண்டும் அடங்கும். அங்கே மோட்டாரையும் கேஸ் சிலிண்டரையும் வைத்து அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடி கட்டி வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கும் இரண்டு வண்டி வரும் என்று இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்காலத்துக்கு மின்சார வண்டி என்றால், போர்டிகோச் சுவரில் தனி எம்.சி.பி. (மின்பாரம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) வைத்து 4 சதுர மி.மீ. வயரில் 16 ஆம்ப் பாயிண்ட் ஒன்று இழுத்து வைக்கச் சொல்லுங்கள். பூச்சுக்கு முன் செய்தால் செலவு சொற்பம்.

இனி தெருவுக்கு வருகிறேன். 23 அடி என்று அவர் சொல்வது 7.2 மீட்டர் ரோடு, அதாவது ஏறக்குறைய 23 அடி 7 அங்குலம். இது ஒரு பக்கத்து மனை எல்லையிலிருந்து எதிர்மனை எல்லை வரை உள்ள அகலம். இதற்குள்ளேதான் வாய்க்கால், மின்கம்பம் எல்லாம். கார் ஓடும் தார்ப்பகுதி 12 அடிதான் இருக்கும் இடங்களும் உண்டு. பத்தடி கேட்டுக்குள் ஒரே வளைப்பில் திரும்ப, எதிரே 20 அடி அளவுக்கு வெறுமையாக இருக்க வேண்டும் என்பது பார்க்கிங் வடிவமைப்பில் பழகிய கணக்கு. எதிர்வீட்டார் தெருவில் ஒரு கார் நிறுத்தினால் ஆறடி போய் 17 அடி மிஞ்சும். இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்துத்தான் நுழைய முடியும். இரண்டு பக்கமும் நிறுத்தினால் பதினோரு அடி சொச்சம். தீயணைப்பு வண்டி சுமார் எட்டடி அகலம். நேராகப் போகும், முனையில் திரும்பாது. தண்ணீர் லாரிக்கும் இதே கதி. உங்கள் கேட்டுக்கு நேர் எதிரே மின்கம்பமோ டிரான்ஸ்ஃபார்மரோ இருக்கிறதா என்று நின்று பாருங்கள், கம்பத்தை நகர்த்துவது சுலபமான காரியமில்லை. இதே நகரில் 30 அடி ரோட்டில் மனை இருந்து விலை வித்தியாசம் தாங்குமானால், நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். அறை அளவு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

“ரோட்டில் நிறுத்திக்கலாம்” என்பதற்குச் சட்டப்படி மதிப்பில்லை. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ரோடுகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு விற்பவருக்கு அதில் அனுமதி சொல்ல எந்த அதிகாரமும் இல்லை. பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் நிற்கும் வண்டியை அகற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவு போலீசாருக்கு அதிகாரம் தருகிறது. அன்றாடம் யாரும் வந்து இழுத்துப் போகமாட்டார்கள்தான். ஆனால் பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தால் உங்கள் பக்கம் சொல்ல வாதமே இருக்காது.

பூங்கா ஓரம் அதைவிட மோசம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீத இடம் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கப்படுகிறது. வேலி போட்டு மரம் நட்டால் அந்த ஓரத்தில் நிறுத்தும் வசதி அன்றோடு முடிந்தது. முடிய வேண்டியதும்தான், பிள்ளைகள் விளையாட அந்த நகரில் இருப்பது அது ஒன்றே. இன்னொன்று: பூங்கா என்று காட்டப்படும் காலி இடம் உண்மையிலேயே பூங்காதானா, அல்லது ஊரணிக்கோ கண்மாய்க்கோ போகும் வரத்துக்காலா என்று பாருங்கள். நம் ஊர்களில் மழை இல்லாத மாதங்களில் வரத்துக்கால் வெறும் செம்மண் பள்ளமாகத்தான் தெரியும். அரசின் இணையச் சேவையில் சர்வே எண்ணைப் போட்டால் புலப்படமும், நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேடும் கிடைக்கும். புறம்போக்கு என்று இருந்தால் அங்கே ஒரு நாள்கூட வண்டி நிறுத்தும் எண்ணம் வேண்டாம்.

பக்கத்து காலி மனைகளும் அப்படித்தான். இன்று பத்து கார் நிற்கும் அளவுக்குத் திறந்து கிடக்கும். அந்த மனைக்காரர் சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து கடைக்கால் தோண்டும் வரைதான். நகர் முழுக்க வீடு எழும்பிய பிறகு தெரு எப்படி இருக்கும் என்று மனசில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதைப் பார்க்க ஒரு வழி, அதே அகலத் தெரு உள்ள, பத்துப் பதினைந்து வருடம் பழகிய ஒரு நகருக்குப் போய் நிற்பது. அதுவும் செவ்வாய்க்கிழமை காலையில் போனால் ஏமாந்துபோவீர்கள். நம் பகுதியில் பாதி வீட்டுக்காரர்கள் வெளியூர்வாசிகள், சாதாரண நாளில் தெரு காலியாகத்தான் தெரியும். தை மாதத்தில் முகூர்த்த நாளிலோ பொங்கல் வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கோ பாருங்கள். உங்கள் வீட்டுக்குப் பங்காளிகள் வரும் அதே நாளில்தான் தெருவில் எல்லா வீட்டுக்கும் வருவார்கள்.

அந்த நாலைந்து காருக்கு என்ன செய்வது என்றால், அதற்காக வீட்டைச் சுருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வளவு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு 1,200 சதுர அடி நெருக்கமாகத்தான் தோன்றும். ஆண்டில் சில நாள் தேவைக்காக முகப்பில் 18 அடியைப் பார்க்கிங்காக்கி, கூடத்தைப் பாதியாக்கினால் மீதி நாளெல்லாம் மூச்சுமுட்டும். அதற்குப் பதில், விசேஷத்துக்கு முன்பே ஒரு காலி மனைக்காரரிடம் போனில் கேட்டு இரண்டு நாளுக்கு அனுமதி வாங்குங்கள். முள், கண்ணாடி, குழி பார்த்துச் சுத்தம் செய்து கொடுத்தால் யாரும் மறுக்கமாட்டார்கள். மழைக்காலமென்றால் கிராவல் கொட்டாத மண்ணில் டயர் புதையும், நகரின் அகலமான முதன்மை ரோட்டில் ஒரே பக்கமாக வரிசையில் நிறுத்தச் சொல்லுங்கள். பெரியவர்களை வாசலில் இறக்கிவிட்டு டிரைவர் வண்டியை அங்கே கொண்டுபோகட்டும். உங்கள் தெருவில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் எல்லாக் காரும் ஒரே ஓரத்தில், எந்த வீட்டு கேட்டையும் மறிக்காமல். மகனின் எர்டிகா மட்டும் 19 அடியும் ஸ்லைடிங் கேட்டும் அமைந்தால் உள்ளே நிற்கும், அந்த நாட்களில் டிசையர் வெளியே போகும். இரண்டு கார் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க 28 அடிக்கு மேல் வேண்டும், 40 அடி ஆழ மனையில் அது நடக்காது.

ஃப்ளாட் பற்றிக் கேட்டீர்கள். திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பில்டர் தனியாக விற்க முடியாது. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) அதைப் பொது இடத்தில் சேர்த்திருக்கிறது. தூண்களுக்கு நடுவே உள்ள ஸ்டில்ட் இடத்தையும் வீட்டிலிருந்து பிரித்துத் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் நஹால்சந்த் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே தனி ரசீது போட்டு வாங்கும் பணத்துக்குப் பிடிமானம் இல்லை. மொத்த விலைக்குள் சேர்த்து, விற்பனை ஒப்பந்தத்திலேயே பார்க்கிங் எண்ணும் அளவும் எழுதி, வரைபடத்தில் வட்டமிட்டு இணைத்தால் மட்டும் பேசுங்கள். விதிப்படி ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். இரண்டு பக்கமும் தூண் உள்ள இடமென்றால் தூணுக்குத் தூண் உள்ளளவைக் கேளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு, படைப்பு பங்காளி என்று வருகிற நிலையில், ஃப்ளாட்டில் விருந்தினர் வண்டிக்கு இடம் இன்னும் குறைவு. பார்க்கிங் ஒன்றுக்காக அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அட்வான்ஸுக்கு முன்னால் கையில் வர வேண்டிய காகிதங்கள்: நகர் ஊரமைப்புத் துறை எண்ணோடு மனைப்பிரிவு வரைபடம், ரோடும் பூங்காவும் கொடுத்த தானப் பத்திரத்தின் நகல், வீட்டின் கட்டட அனுமதி வரைபடம். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சில ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. அதனால் தானப் பத்திரம் பழைய ஊராட்சியின் பெயரில் இருக்கலாம், அதில் பிழையில்லை. பதிவு ஆகியிருக்கிறதா என்பதை வில்லங்கச் சான்றில் பாருங்கள். வரைபடத்தில் உள்ள ரோட்டின் அகலத்தை உங்கள் மனைக்கு நேரே நீங்களே டேப் பிடித்து ஒத்துப்பாருங்கள், கல் நட்ட இடம் மாறியிருக்கலாம். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடுகள் எட்டுக்கு மேலோ உள்ள திட்டம் என்றால் ரெரா பதிவு கட்டாயம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவும் கூடாது.

ஒப்பந்தத்தில் ‘கார் பார்க்கிங் உண்டு’ என்று ஒரு வரி எழுதித் தருவார்கள். அது போதாது. இப்படி எழுதச் சொல்லுங்கள்: “வீட்டுச் சுவரிலிருந்து கேட் வரை உள்ளளவு 19 அடி, படி விளிம்பிலிருந்து காம்பவுண்டு சுவர் வரை உள்ளளவு 10 அடி, 10 அடி ஸ்லைடிங் கேட், போர்டிகோத் தரை இறுதி ரோடு மட்டத்துக்கு மேல் 6 அங்குலம், சாய்தளம் மனைக்குள், தொட்டி மேல்தளம் கார் பாரம் தாங்கும்படி, தார் ரோடும் வாய்க்காலும் இன்ன தேதிக்குள்.” நீளம் 19 அடி அமையாது, 14 அடியிலேயே கேட் என்று அவர் சொன்னால், அந்த வீட்டை விட்டுவிடுங்கள். வீட்டின் முன்சுவரை உள்ளே தள்ளிக் கட்டச் சம்மதித்தால் மட்டும் திரும்பப் பேசலாம், அதுவும் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கிக் காட்டிய பிறகு.